வேர் தெரிந்தால் போதுமா?

லண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வை முதல் முறை எழுதியபோது காந்தி லத்தீனில் தோற்றுப்போனார். சட்டம் படிக்கப் போனவர் அந்தப் பழைய மொழியைத் தலையில் ஏற்றிக்கொண்டதற்கு ஒரு நண்பரின் யோசனை காரணம். சட்டப் புத்தகங்கள் விளங்க லத்தீன் வேண்டும், ரோமானியச் சட்டத்துக்கான தேர்வுத்தாளே லத்தீனில்தான் இருக்கும், அதோடு லத்தீன் தெரிந்தவருக்கு ஆங்கிலமும் நன்றாக வசப்படும் என்று அவர் சொன்னாராம். அடுத்த முறை காந்தி தேறினார். அதே லண்டனில் அதே ஆண்டுகளில் அவரை வாட்டிய இன்னொரு கேள்வி புலால். தொடக்கத்தில் தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் இறைச்சியைத் தொடாமல் இருந்தார். மனம் அப்போது அதை மறுத்திருக்கவில்லை.

இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லத்தீன் வேர்களைக் கொண்டு ஆங்கிலச் சொல்வளம் பெருக்கும் முறை நம் பிள்ளைகளிடம் மிகவும் பரவியிருக்கிறது. அதன் பலத்தையும் பலவீனத்தையும் எடைபோடப் புலால் பற்றிய சொற்களைவிடப் பொருத்தமானவை எனக்குத் தெரிந்து வேறில்லை.

காந்தியின் நண்பர் சொன்னது முழு மொழியையும் படிக்கச் சொல்லி. நாம் வேர்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கையில் நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' தவறாமல் இருக்கும். 1949-ல் அமெரிக்காவில் வெளிவந்த அந்தப் புத்தகம் இன்றும் நம் நடைபாதைக் கடைகளில் கிடைக்கிறது. ஒரு வேரைச் சொல்லி, அதிலிருந்து கிளைக்கும் சொற்களை அடுக்கிக் காட்டுவது அதன் வழி.

அந்த வழியில் 'கேரோ' என்ற லத்தீன் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஊன் என்று பொருள். வேற்றுமை ஏற்றால் 'கார்னிஸ்'. 'வொராரே' என்றால் விழுங்குவது. இந்த இரண்டும் தெரிந்த மாணவிக்குக் 'கார்னிவோர்' என்பது ஊனுண்ணி என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். தழையோடு சேர்ந்தால் 'ஹெர்பிவோர்', எல்லாவற்றோடும் சேர்ந்தால் 'ஆம்னிவோர்'. 'வொரேஷியஸ்' என்ற சொல்லை ஒரு நாவலில் முதன்முதலாகப் பார்க்கும்போது, அது அடங்காப் பசியைச் சொல்கிறது என்று அவளே ஊகித்துவிடுவாள். 'கார்னேஜ்' என்றால் படுகொலை. 'இன்கார்னேஷன்' என்றால் அவதாரம், அதாவது ஊனுக்குள் புகுதல். இறைச்சிக்கும் அவதாரத்துக்கும் ஒரே வேரா என்று ஆங்கிலேயச் சிறுவன் திகைக்கலாம். நமக்கு அந்தத் திகைப்பு வேண்டியதில்லை. 'ஊன்' என்ற நம் சொல்லே இலையில் விழுவதையும் குறிக்கும், உயிர் குடியிருக்கும் உடம்பையும் குறிக்கும்.

இது சிறிய பலன் அல்ல. தனித்தனியாக உருப்போட்ட சொற்கள் தேர்வு முடிந்த வாரமே உதிர்ந்துவிடுகின்றன. குடும்பமாக வந்தவை ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நினைவில் நிற்கின்றன. அதிலும் தமிழ்ப் பிள்ளைக்கு இது அயலான பயிற்சியே அல்ல. பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லைப் பிரித்து எழுதிப் பள்ளியிலேயே மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். சொல்லைப் பிரித்துப் பார்க்கும் கண்ணை ஆங்கில வகுப்புக்குள் நுழையும்போது ஏன் மூடிக்கொள்கிறோம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆனால் அதே பள்ளிப் பாடத்தில் இன்னொன்றும் இருந்தது. காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்ற இரண்டோடு காரண இடுகுறிப்பெயர் என்று மூன்றாவது ஒன்றையும் படித்தோம். முள் உள்ளதால் முள்ளி. ஆனால் முள் உள்ள எல்லாம் முள்ளி அல்ல. காரணம் இருக்கும், ஆனால் அது பொருளின் எல்லையை வகுத்துவிடாது. வேர்முறையைச் சொல்லித்தருபவர்கள் விட்டுவிடுவது இந்த மூன்றாவது பாடத்தைத்தான். விலங்கியலில் 'கார்னிவோரா' என்று ஒரு வரிசை இருக்கிறது. வேரை மட்டும் நம்பினால் அதில் உள்ளவை எல்லாம் ஊனுண்ணிகள். சிங்கமும் ஓநாயும் அதில்தான் இருக்கின்றன. ஏறக்குறைய மூங்கிலை மட்டுமே தின்று வாழும் ராட்சதப் பாண்டாவும் அதில்தான் இருக்கிறது.

பொய் வேர்களின் சிக்கல் இன்னும் பெரியது. 'கார்னிவல்' என்பது 'ஊனே, போய் வா' என்ற லத்தீன் தொடரிலிருந்து வந்ததாக ஓர் அழகான கதை உலவுகிறது. இடைக்கால லத்தீனில் இருந்தது ஊனை விலக்குதல் என்ற பொருள்கொண்ட சொல். தவக்காலத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தது. பிரியாவிடைக் கதை பிற்பாடு கட்டியது. 'கார்னேஷன்' பூவும் ஊனின் நிறத்தால் பெயர் பெற்றதா, மகுடம் என்ற சொல்லின் திரிபா என்று அகராதிகளுக்குள் உடன்பாடில்லை. நன்றாக மனத்தில் பதியும் வேர்க்கதை உண்மையான வேர்க்கதையாக இருக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை தேர்வு எழுதுபவரின் கவலை. என் கவலை அதைத் தாண்டியது. வேர் தெரிந்தவர்கள் மெல்ல மெல்ல அதையே வாதமாக வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். புலால் உண்பது சரியா தவறா என்ற வழக்கில் இது பலமுறை நடந்திருக்கிறது.

இங்கிலாந்தின் வெஜிடேரியன் சங்கம் 1847-ல் ராம்ஸ்கேட் நகரில் தொடங்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே 'வெஜிடேரியன்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்திருந்தது. அதற்கும் முன்பு புலால் மறுத்தவர்களைப் பித்தாகரஸின் பெயரால் அழைத்துவந்தார்கள். பின்னாளில் இயக்கத்தவர் சிலர், இந்தச் சொல் காய்கறியிலிருந்து வரவில்லை, துடிப்பும் நலமும் உள்ள என்று பொருள்படும் 'வெஜிட்டஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று சொன்னார்கள். புலால் மறுப்பவர் வெறும் காய்கறி தின்பவர் அல்ல, முழுவாழ்வு வாழ்பவர் என்று காட்டும் ஆசை அது. அகராதிகள் அதை ஏற்கவில்லை. 'வெஜிடபிள்' என்பதோடு ஒரு விகுதி சேர்ந்தது, அவ்வளவுதான் என்கின்றன. நான் வருந்துவது இதற்காக: அந்த இயக்கத்திடம் சொல்ல வலுவான நியாயங்கள் இருந்தன. துடிக்கும் உயிரின் வலியைப் பற்றிப் பேசியிருந்தால் போதும். லத்தீனை ஊன்றுகோலாகப் பிடித்திருக்க வேண்டாம்.

புலாலுக்கு எதிரான இன்றைய வாதம் ஒன்றிலும் இதே பிழை உண்டு. ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கும்போது 'கவ்', 'ஷீப்', 'பிக்'. தட்டுக்கு வந்தால் 'பீஃப்', 'மட்டன்', 'போர்க்'. முன்னவை பழைய ஆங்கிலச் சொற்கள், பின்னவை 1066-க்குப் பின் நார்மானியர் வழியாக வந்த லத்தீன் வழிச் சொற்கள். வால்டர் ஸ்காட் 1819-ல் 'ஐவன்ஹோ' நாவலில் இதை ஒரு காட்சியாகவே அமைத்துப் பரப்பினார். பெயரை மாற்றி விலங்கை மறைத்துவிட்டார்கள், மறைத்ததால்தான் குற்றவுணர்ச்சி இல்லாமல் தின்ன முடிகிறது என்று இன்று சிலர் இதைக் காட்டி வாதிடுகிறார்கள். வரலாறு அவ்வளவு நேர்கோடானது அல்ல. உயிருள்ள மாட்டையும் ஆட்டையும் 'பீஃப்', 'மட்டன்' என்றே ஆங்கிலேயர் நெடுங்காலம் சொல்லிவந்திருக்கிறார்கள். தவிர, 'லேம்ப்', 'ஃபிஷ்' என்பவை உயிருக்கும் உணவுக்கும் ஒரே பெயர். அவற்றை யாரும் குறைத்துத் தின்பதாகத் தெரியவில்லை. நாம் ஆட்டுக்கறி, கோழிக்கறி, மாட்டுக்கறி என்று விலங்கின் பெயரை முன்னால் வைத்தே சொல்கிறோம். அப்படிச் சொல்லியே உண்கிறோம்.

'கேட்டில்' என்ற ஆங்கிலச் சொல் 'கேப்பிட்டல்' என்ற முதலின் உடன்பிறப்பு. லத்தீனில் பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' கால்நடையைக் குறிக்கும் 'பெக்குஸ்' என்பதிலிருந்து வந்தது. தமிழிலும் 'மாடு' என்றால் செல்வம். மூன்று மொழிகளும் மாட்டைச் சொத்தாகப் பார்த்த காலத்தை நினைவு வைத்திருக்கின்றன. பழைய சமூகம் எப்படி எண்ணியது என்பதற்கு இது நல்ல சான்று. மாட்டை இன்று நாம் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு இது சான்றே அல்ல.

இந்த வழக்கின் முக்கியமான புதுச்சொற்களிடம் போனால் வேர்முறை கைவிட்டுவிடுகிறது. 1944-ல் டொனால்ட் வாட்ஸனும் நண்பர்களும் 'வீகன்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 'வெஜிடேரியன்' என்பதன் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் வெட்டி ஒட்டியது அது. பாலும் முட்டையும் கூடாது என்ற அதன் பொருளை எந்த வேரும் தராது. 1970-ல் ரிச்சர்ட் ரைடர் 'ஸ்பீஷிஸிஸம்' என்ற சொல்லை உருவாக்கினார். பீட்டர் சிங்கரின் 1975-ஆம் ஆண்டுப் புத்தகம் அதைப் பரப்பியது. அதன் லத்தீன் வேரைத் தோண்டினால் 'தோற்றம்' என்று கிடைக்கும். ஆனால் ரைடர் நிறவெறியையும் பாலினப் பாகுபாட்டையும் குறிக்கும் சொற்களின் வார்ப்பில்தான் இதைச் செய்தார். இதன் பொருள் அடியில் இல்லை, பக்கத்தில் இருக்கும் சொற்களில் இருக்கிறது.

நம் சொற்களும் இதையே சொல்கின்றன. வேரைப் பார்த்தால் 'சைவம்' சிவநெறி. வைணவர் வீட்டிலும் சைவச் சாப்பாடு உண்டு. இறைவனுக்குப் பன்றி இறைச்சி படைத்த கண்ணப்பரோ சைவ நாயன்மார். 'மச்சம்' வேரில் மீன். யாழ்ப்பாணத்தில் 'மச்சம்' என்றால் ஆட்டிறைச்சியும் அதற்குள் வந்துவிடும். பழந்தமிழில் 'கறி' மிளகு. யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் நாம் இந்தச் சொற்களை வேரிலிருந்து கற்கவில்லை, வீட்டிலிருந்து கற்றோம்.

ஆகவே என் தீர்ப்பு இது. வேர்முறையைக் கைவிட வேண்டாம். வரிசையை மாற்ற வேண்டும். முதலில் சொல் ஒரு வாக்கியத்தில் வரட்டும், இரண்டு மூன்று இடங்களில் சந்திக்கட்டும், பிறகு வேரைச் சொல்லுங்கள். அப்போது அது நினைவுக்கு ஆணியாகும். வேரை முதலில் கொடுத்து, அதுதான் 'உண்மைப் பொருள்' என்று பழக்கினால், தேர்வில் தேறி விவாதத்தில் தவறும் பிள்ளைகளை உருவாக்குவோம்.

காந்திக்கு லத்தீன் வீண்போகவில்லை. லத்தீனில் படித்த ரோமானியச் சட்டம், ரோமன் டச்சுச் சட்டம் வழங்கிய தென்னாப்பிரிக்காவில் அவருக்குப் பெரிதும் உதவியது. ஆனால் புலால் விஷயத்தில் அவர் எந்த அகராதியையும் நாடவில்லை. லண்டனில் இறைச்சிக்கு மூன்று வரையறைகள் அவர் காதில் விழுந்தன. பறவை, விலங்கின் தசை மட்டுமே இறைச்சி. மீனும் முட்டையும் உண்ணலாம் என்றது ஒன்று. எந்த உயிரினத்தின் தசையும் இறைச்சிதான், முட்டை மட்டும் உண்ணலாம் என்றது அடுத்தது. முட்டையும் பாலும்கூட இறைச்சியில் சேரும் என்றது மூன்றாவது. முட்டை இறைச்சி அல்ல என்று ஓர் உணவுச் சீர்திருத்தக்காரர் சொன்னதை நம்பிச் சில நாள் உண்டும் பார்த்தார். பிறகு, வாக்கை வாங்கிய தாய் இறைச்சி என்று எதை எண்ணியிருப்பாரோ அதுவே தன்னைக் கட்டும் பொருள் என்று முடிவுசெய்து நிறுத்திவிட்டார். மரக்கறி உணவகங்களில்கூட ஒவ்வொரு பண்டத்திலும் முட்டை இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டியதாயிற்று.

பல ஆண்டுகள் கழித்துப் பாலையும் விட்டார். நோய் முற்றிப் படுத்திருந்தபோது ஆட்டுப்பால் குடிக்கலாமே என்றார் கஸ்தூர்பா. விரதம் எடுத்தபோது பசு, எருமைப் பாலைத்தான் மனத்தில் வைத்திருந்தார் என்பதால் அவரும் இணங்கினார். சொல்லைக் காப்பாற்றி அதன் உயிரை விட்டுவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது என்ற கருத்தில் சுயசரிதையில் எழுதினார். ஆட்டுப்பாலை அவர் அதன் பிறகும் குடித்துவந்தார்.