முத்துலட்சுமி அம்மையாரும் ‘முதல்’ என்னும் சொல்லும்

மருத்துவர் முத்துலட்சுமி அம்மையாரைப் (1886–1968) பற்றி எழுந்த வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளில் ‘முதல்’ என்னும் அடைமொழி திரும்பத் திரும்ப வருகின்றது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முதல் மாணவி. சென்னைச் சட்டமன்றத்தில் முதல் பெண் உறுப்பினர். அம்மன்றத்தின் துணைத் தலைவர் பதவியேற்ற முதல் பெண்மணி. இவை யாவும் மெய்யே. ஆயினும், இப்பட்டியலைப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு இதனால் விளையும் பயன் யாது? வியப்பு விளையும், வழி விளையுமோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

‘முதல்’ என்னும் சொல் தமிழில் வரிசையை மட்டும் குறிப்பதன்று. காரணத்தை முதல் என்பர்; மரத்தின் அடியை முதல் என்பர்; வாணிகத்தில் இடும் பொருளையும் முதல் என்பர். ஆலைத் தொழிலால் வளர்ந்த கோவையில் இப்பொருளை விளக்க வேண்டுவதில்லை. பெட்டியிற் பூட்டிய பணம் முதலாகாது. தொழிலில் இறங்கிப் பெருகுவதே முதல். வரலாற்றாசிரியர் பலர் வரிசைப் பொருளை மட்டும் கொண்டனர். அம்மையாரின் வாழ்வோ பின்னைய பொருளுக்கே இலக்கியமாகின்றது.

1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற அம்மையாரின் தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் தோன்றியவர். சட்டமன்றத்திற் புகுந்த அம்மையார், 1927இல் பெண் மக்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார். 1930இல் அம்மரபினின்று தப்பி வந்த இளம் பெண்கள் அவரிடம் அடைக்கலம் வேண்டினர். அவர்களை ஏற்க விடுதிகள் மறுத்தன. அவ்வாண்டே ஔவை இல்லம் தோன்றியது. பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் 1947இல் நிறைவேறியபோது அவர் சட்டமன்ற உறுப்பினரல்லர். தாம் தொடங்கியதைப் பிறர் முடிக்கக் கண்டார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த துயரம், 1954இல் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. அம்மருத்துவமனையில் 1955இல் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா 2021இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். இங்ஙனம் இட்ட முதல் பெருகிய கணக்கைப் பெருமைப் பட்டியல்கள் எழுதுவதில்லை.

‘இவற்றுட் பல சமூகத் தொண்டேயன்றி மருத்துவத் தொண்டு ஆகா’ எனச் சிலர் கூறலாம். அது பொருந்தாது. இளமணமும் பொட்டுக்கட்டும் பெண்ணுடலை நலிவிக்கும் காரணங்கள். நோயை மட்டும் நோக்காது நோய் முதலையும் நாடுவதே மருத்துவம் என்பது தமிழ் மரபு. ஆண்டும் அச்சொல்லே வருதல் காண்க. அம்மையார் சட்டமன்றத்தை நாடியது மருத்துவத்தைத் துறந்தன்று, அதனை விரித்தேயாம்.

இவ்வாராய்ச்சி கொங்கு நாட்டார்க்கு நெருங்கிய பொருளாவது எங்ஙனம்? கருவுற்ற மகளிர்க்கான அரசின் உதவித் திட்டம் அம்மையார் பெயரையே தாங்கியுள்ளது. அதனால் அப்பெயர் இங்குள்ள சிற்றூர்களிலும் வழங்குகின்றது. ஆயின் இக்கொங்கின் ஒரு பகுதியாகிய சேலத்திலேதான் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே இருந்தனர். கருவிலுள்ள மகவின் பாலை அறிவித்தல் குற்றமென 1994ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அக்கருவியை இயக்கும் கை பெண்ணின் கையாகவும் இருக்கலாம். ஆதலின் மருத்துவம் கற்றவர் பெண் என்னும் அளவில் பெண்மக்களுக்கு அரண் கிட்டிவிடாது. வினவும் சுற்றத்தாரிடம் வாய்திறவாது மறுக்கும் உறுதியும், பெற்ற தாயைப் பழியினின்று காக்கும் துணிவும், வயது வந்த சிறுமிக்கு அவள் உடலைப் பற்றி நாணமின்றி எடுத்துரைக்கும் பரிவும் உடன்வேண்டும்.

ஆதலின், வரலாறு எழுதப் புகும் மாணவர்க்கு ஒன்று கூறுவேம். மருத்துவ மகளிர் ஒருவரைப் பற்றி எழுதுங்கால், அவர்க்கு முன் எவருமிலர் என்பதோடு நிறுத்தற்க. அவர்க்குப் பின் எத்துணைப் பெண்கள் அவ்வாயிலிற் புகுந்தனர் என்பதையும் எண்ணிக் காட்டுக. அவ்வெண்ணே அவர்தம் புகழின் அளவுகோல்.