வெப்பத்தின் நற்பயனும் மலாக்காப் பால்மரமும்

தட்பவெப்ப மாற்றம் நெடுங்காலத்தில் மனித குலத்திற்கு நன்மை பயக்கக்கூடும் என்னும் கருத்து புதியதன்று. கரியமில வாயு இருமடங்கானால் புவி வெப்பம் 5 முதல் 6 பாகை உயரும் என 1896இல் கணக்கிட்ட சுவீடன் அறிஞர் அர்ஹீனியஸ், 1908இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில் அதனை அச்சமாகவன்றி நம்பிக்கையாகவே எடுத்துரைத்தார். குளிர்நாடுகளின் காலநிலை இதமாகும். பெருகிவரும் மக்களுக்கு ஏற்ப விளைச்சலும் பெருகும் என்பது அவர் வாதம். அதே 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் பால்மரத்தை வணிக நோக்கில் நட்டார். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும் எனக் கருதுகிறோம்.

அவ்வாதம் முற்றும் பொய்யன்று. கரியமில வாயு மிகுதல் ஒளிச்சேர்க்கையை ஊக்கும். பால்மரமும் அதற்கு விலக்கன்று. குளிர் தடையாயிருக்கும் யுன்னான், திரிபுரா போன்ற வடக்கெல்லைகளில் வெப்பம் கூடுவது அம்மரத்திற்கு ஏற்றதாகவும் அமையலாம். ஆயின் மரம் வளர்தல் வேறு, பால் வடிதல் வேறு. விடியற்குளிரில் பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தளரும். நம் முன்னோர் இருட்டிலேயே பெரட்டுக்கு எழுந்தமைக்குக் காரணம் கங்காணியின் கண்டிப்பு மட்டுமன்று, இதுவுமாகும். மழை பெய்தாலோ வெட்டு இல்லை. வெட்டியிருப்பினும் பால் மங்கில் நில்லாது வழிந்தோடும். இலையுதிர்ந்து தளிர்க்குங்கால் பெய்யும் மழை பூஞ்சண நோய்க்கு இடந்தரும். ஆண்டுச் சராசரியைக் கொண்டு பேசும் வாதம் இந்த நேரக் கணக்கைக் காண்பதேயில்லை. நிலத்தோடு பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பிய மரபில் பயின்றோர்க்கு இக்குறை எளிதிற் புலப்படும்.

செம்பனைக்கு மாறிய தோட்டங்களும் தப்பவில்லை. 2015-16ஆம் ஆண்டு எல் நினோவை அடுத்து, நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறத்தாழ 2 கோடி டன்னிலிருந்து 1.73 கோடி டன்னாகச் சரிந்தது. 1991இல் டுரியான் துங்கால் நீர்த்தேக்கம் வற்றியபோது மலாக்கா நகரமே நீருக்குத் தவித்ததையும் ஈண்டு நினைவுகூரலாம்.

எம் மறுப்பு 'மனித குலம்' என்னும் சொல்லின்மீதே. யுன்னானின் ஆதாயத்தையும் ஜாசினின் இழப்பையும் ஒரே ஏட்டில் கூட்டிக் கழிக்க அச்சொல் இடந்தருகிறது. அலோர் காஜா, ஜாசின் வட்டாரத் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோதும் இவ்வாறே கணக்கிடப்பட்டது. நாட்டு வருமானத்தில் அது வரவு. லயத்தையும் தமிழ்ப்பள்ளியையும் விட்டு நகர்ப்புறத்திற்குப் பெயர்ந்த குடும்பங்கள் அவ்வேட்டின் எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை.