மறந்தமை யறிதல்

மறந்த பொருள் நெஞ்சில் தோன்றாதவழியும், ‘அஃது எனக்குத் தெரியும், இப்பொழுது வரவில்லை’ என்னுந் துணிவு தோன்றுதல் எல்லார்க்கும் பழக்கமே. அத்துணிவு எதனைப் பற்றி எழுகின்றது என்பதில் மேனாட்டு உளநூலார் கூறியன ஈண்டு ஆராயப்படும்.

அமெரிக்க அறிஞர் ஹார்ட் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறைக்கு அடிப்படையாம். அவர் சிலரிடம் வினாக்கள் விடுத்தனர். விடை கூறமாட்டாவிடத்து, ‘பல விடைகளை முன்வைப்பின் சரியானதைத் தெரிந்தெடுப்பீரோ?’ எனக் கேட்டனர். பின்னர் அவ்வாறே முன்வைத்துச் சோதித்தனர். ‘தெரிந்தெடுப்பேம்’ என்றவற்றில், ‘மாட்டேம்’ என்றவற்றினும் சரியான விடை மிகுந்தது. இதுகொண்டு, நினைவுக் களஞ்சியத்துட் பொருள் உண்டோ இன்றோ என நோக்கி உரைக்கும் கண்காணி யொன்று உளத்தே உண்டென அவர் கொண்டனர். சோதனை பாராட்டற்பாலது, முடிபு பொருந்துமாறில்லை.

என்னை? ஹைபா நகரத்துக் கோரியட் என்பார் 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பொருளற்ற எழுத்துக் கோவைகளை மனப்பாடஞ் செய்வித்துச் சோதித்தனர். நினைவில் வந்த எழுத்துக்கள் மிகுந்தோறும் துணிவும் மிக்கது. அவை பிழையாயினும் அங்ஙனமே மிக்கது. ஆகலின் துணிவு களஞ்சியத்தை நேரே கண்டு எழுவதன்று. வாயிலில் வந்து நின்றவற்றின் அளவுகொண்டு எழும் அனுமானமேயாம். அற்றேல், அது பெரும்பான்மையும் மெய்யாதல் எங்ஙனமெனின், வந்து நிற்பன பெரும்பான்மையும் சரியாதலின் என்க.

இவ்வளத்தற்றொழில் நினைத்தற்றொழிலின் வேறென்பதும் தெளிவு. நினைவிழந்தாருள் கோர்சகாவ் நோயாளர் இத்துணிவிலும் பிழைபட, ஏனையோர் பிழைபடாமையை ஷிமமூரா, ஸ்குவையர் என்போர் 1986-இல் காட்டினர். மூளையின் முன்மடல் புண்பட்டாரிடத்தும் இத்துணிவு ஒரோவழித் தவறுதல் 1989-இல் காட்டப்பட்டது.

இனி, ஹார்ட் கூறிய கண்காணியை உயிரெனக் கொண்டு, ‘மேனாட்டு நூல் நம் சித்தாந்தத்தை நிலைநாட்டிற்று’ என நம்மவர் மகிழ்தல் கூடாது. மூளை புண்பட உடன் கெடுவது கருவியே. அந்தக்கரணங்களின் வேறாக உயிரைக் காட்டும் சிவஞானபோத நான்காஞ் சூத்திரத்தைக் கற்றார், கருவியின் தொழிலை உயிர்மேல் ஏற்றுவரோ?

நாம் கொள்ளத்தக்க பயன் பிறிதொன்றுண்டு. மடத்திற் பயின்ற காலத்து யான் ஓர் உரைத்தொடரைச் சிறிதும் ஐயமின்றி ஒப்பித்து, ஏட்டிலுள்ள பாடம் எழுதினோன் பிழையெனச் சாதித்தேன். ஆசிரியர் ஒன்றுங் கூறாது வேறு இரண்டு ஏடுகளை எடுப்பித்தனர். மூன்றும் ஒத்தன, திரிந்தது என் நினைவே. அன்று என்னை வஞ்சித்தது மறதியன்று, துணிவே. மறந்தவன் ஏட்டைத் தேடுவான். துணிந்தவன் ஏட்டைத் திருத்துவான். பல பழம்பாடங்கள் இவ்வாற்றான் அழிந்திருத்தல் கூடும். ஆதலின் பாடபேதம் ஆராயும் அன்பர்கள், தமக்கு நன்கு தெரியுமென்று தோன்றுமிடத்தே ஏட்டை மீட்டும் ஒருமுறை நோக்குவாராக.