வெட்ட முடியாத கைப்பிரதி

ஜிம்மி கார்ட்டரின் தலைமை உரை எழுத்தாளராக 1977இல் வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தபோது ஜேம்ஸ் ஃபாலோஸுக்கு வயது 27. 'வாஷிங்டன் மன்த்லி' இதழில் அதன் ஆசிரியர் சார்ல்ஸ் பீட்டர்ஸிடம் தொழில் பழகியவர். இந்தக் கட்டுரை என்ன சொல்ல வருகிறது என்று கேட்டு, அதற்கு உதவாததையெல்லாம் இரக்கமில்லாமல் வெட்டுவதுதான் பத்திரிகை ஆசிரியரின் வேலை. கார்ட்டரிடம் அந்தக் கத்தி ஓடவில்லை.

1978 ஜூனில் அனாபொலிஸ் கடற்படைக் கழகத்தில் கார்ட்டர் பேசிய உரையைப் பாருங்கள். சோவியத் யூனியனோடு இணங்கிப் போகலாம் என்பது வெளியுறவு அமைச்சர் வான்ஸின் கட்சி. கறாராக இருக்கவேண்டும் என்பது தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பிரஜின்ஸ்கியின் கட்சி. இருவரின் குறிப்புகளையும் ஏறக்குறைய ஒட்டுப்போட்டுத் தானே அந்த உரையைத் தயாரித்தார் கார்ட்டர் என்கிறார் ஃபாலோஸ். கேட்டவர்களுக்கு இரண்டு உரைகள் கிடைத்தன. இங்கே திருத்தவேண்டியது வாக்கியத்தை அல்ல, கொள்கையை. அந்த அதிகாரம் உரை எழுதுபவருக்குக் கிடையாது.

1978 இறுதியில் விலகியவர், 1979 மே மாத 'அட்லாண்டிக்'கில் கார்ட்டரின் ஆட்சியைப் பற்றி எழுதினார். கார்ட்டருக்கு ஐம்பது நம்பிக்கைகள் இருந்தாலும் அவற்றைக் கோக்கும் ஒரு சரடு இல்லை என்ற கணிப்பு இன்றும் நிற்கிறது. டென்னிஸ் மைதானத்தை யார் எப்போது பயன்படுத்தலாம் என்பதைக்கூட அதிபரே பார்த்தார் என்ற தகவலும் அதில்தான் வந்தது. கார்ட்டர் அதை மறுத்தார். ஊர் முழுக்கப் பேசப்பட்டது என்னவோ டென்னிஸ்தான்!

பதவியில் இருக்கும் முதலாளியைப் பற்றி, விலகிய சில மாதங்களிலேயே எழுதலாமா? எழுதலாம் என்பதே என் கட்சி. கார்ட்டரின் நேர்மையை அந்தக் கட்டுரை மனதாரப் பாராட்டவும் செய்தது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஃபாலோஸ் தலைவனைச் சொல்லால் அளந்தார். 1978 செப்டம்பரில் கேம்ப் டேவிட்டில் 13 நாள் உட்கார்ந்து இஸ்ரேல் பிரதமர் பெகினையும் எகிப்து அதிபர் சதாத்தையும் கார்ட்டர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது மேடைப் பேச்சால் அல்ல. ஃபாலோஸ் சலித்துக்கொண்ட அதே நுணுக்கப் பிடிவாதத்தால்.

ஒற்றைக் கருத்தோடு பேசினால் எடுபடும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1979 ஜூலை 15 அன்று, நாட்டின் நம்பிக்கை தளர்ந்துவிட்டது என்று கார்ட்டர் பேசினார். அந்த உரையை எழுதக் கைகொடுத்தவர்களில் ஹென்ட்ரிக் ஹெர்ட்ஸ்பெர்க் ஒருவர், அவரும் பத்திரிகைக்காரர்தான். ஆதரவு சட்டென்று ஏறியது. இரண்டே நாளில் அமைச்சரவை முழுவதிடமும் கார்ட்டர் ராஜினாமா கேட்டார். ஏறிய ஆதரவு வந்த வழியே போயிற்று.