ஏழு முள் கடிகாரம்: புளூ நோட் உறைகளை எப்படி ரசிப்பது?

ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்' ஆல்பத்தைப் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் 1964-இல் வெளியிட்டது. உறையில் டால்ஃபி இல்லை. ஒரு கடைக் கதவு தெரிகிறது. 'திரும்பி வருவேன்' என்று அறிவிக்கும் அட்டை அதில் தொங்குகிறது. எத்தனை மணிக்கு வருவார் என்று காட்டுவதற்காக அட்டையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. அந்தக் கடிகாரத்துக்கு ஏழு முட்கள்! ஒவ்வொன்றும் ஒரு திசையைக் காட்டுகிறது. படம் முழுக்க நீலம்.

ஒரு நிமிடம் இந்த உறையைப் பார்த்துவிட்டு முதல் உருப்படியைப் போடுங்கள். பியானோ ஒலிக்க வேண்டிய இடத்தில் பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன் கணகணக்கும். அப்போது 18 வயதே ஆன டோனி வில்லியம்ஸ், டிரம்ஸில் அடிகளை நாம் எதிர்பார்க்காத இடங்களில் வைத்துக்கொண்டே போவார். தாளம் எங்கே தொடங்குகிறது என்று நம் கால் தேடும், கிடைக்காது. பதற்றம் வேண்டாம். ஏழு முட்களும் ஏழு நேரம் காட்டும் உலகத்துக்குள் வந்திருக்கிறோம் என்று உறை முன்பே சொல்லியிருக்கிறது. நல்ல உறை இப்படித்தான் காதைப் பக்குவப்படுத்தும். அதை வடிவமைத்தவர் ரீட் மைல்ஸ். இந்தக் கலையைப் பழக அவருடைய உறைகளைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் இசைத்தட்டுகள் பெயர் மட்டும் அச்சிட்ட வெறும் அட்டைகளில்தான் பெரும்பாலும் விற்பனைக்கு வந்தன. 1940-இல் அதை மாற்றியவர் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் இருந்த 23 வயது அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். ராட்ஜர்ஸ், ஹார்ட் இருவரின் பாடல் தொகுப்புக்காக, நியூயார்க் நாடக அரங்கு ஒன்றின் முகப்பு விளக்குப் பலகையில் அவர்கள் பெயரையே எழுதவைத்து, அதைப் படமெடுக்கச் செய்தார். உறைக்கென்று ஒரு கலை அங்கே பிறந்தது.

புளூ நோட்டின் கதை வேறு. பெர்லினில் பிறந்த ஆல்ஃபிரட் லயன் 1939-இல் நியூயார்க்கில் ஜாஸ் இசைக்காகத் தொடங்கிய சிறிய நிறுவனம் அது. நாஜிகளிடமிருந்து தப்பி வந்த அவருடைய பெர்லின் நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் விரைவில் சேர்ந்துகொண்டார். வுல்ஃப் புகைப்படக்காரர். ஒத்திகையிலும் ஒலிப்பதிவிலும் கலைஞர்களோடு இருந்து படமெடுத்துத் தள்ளினார். ஒத்திகை நாட்களுக்கும் கலைஞர்களுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் அது. அந்தப் படங்களில் இருக்கும் நிதானத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ரீட் மைல்ஸ் 1950-களின் நடுவில் 'எஸ்குவயர்' பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டே இங்கும் வந்தார். அடுத்த பத்தாண்டுக்கு மேல், ஏறக்குறைய 500 உறைகள். அவருக்கு ஜாஸில் ஈடுபாடு இல்லை, மேற்கத்திய செவ்வியல் இசைதான் பிடிக்கும். ஒலிப்பதிவு எப்படிப் போனது, இசையின் மனநிலை என்ன என்று லயன் வாயால் சொல்வார். அதைக் கேட்டு மைல்ஸ் வடிவமைப்பார். காதில் விழாத இசையை இவ்வளவு துல்லியமாக ஒருவர் எப்படிக் காகிதத்தில் பிடித்தார் என்ற கேள்வியோடுதான் இந்த உறைகளை நான் கையில் எடுப்பேன்.

முதலில் எழுத்தைப் பாருங்கள். படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாலும் நல்லது. பலரும் எழுத்தைத் தகவல் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மைல்ஸிடம் எழுத்துதான் முக்கிய வாத்தியம். லாரி யங்கின் 'யூனிட்டி' உறையில் புகைப்படமே கிடையாது. தலைப்பின் முதல் எழுத்து, ஆங்கிலத்தின் 'யூ', ஒரு கிண்ணம்போல் விரிந்திருக்கிறது. அதற்குள் நான்கு வட்டங்கள். ஆல்பத்தில் வாசிப்பவர்கள் நான்கு பேர்: ஆர்கனில் யங், டிரம்பெட்டில் வுடி ஷா, சாக்ஸஃபோனில் ஜோ ஹெண்டர்சன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். தலைப்பு, ஆட்கள், அவர்களுக்குள் உள்ள உறவு மூன்றையும் ஒரே எழுத்தில் வைத்துவிட்டார். இதை அறிந்துகொண்டு கேட்டால், தனி ஆவர்த்தனத்தின்போதுகூட மற்ற மூவரும் என்ன செய்கிறார்கள் என்று காது தானாகப் போகும்.

ஹெண்டர்சனின் சொந்த ஆல்பமான 'இன் அண்ட் அவுட்'டில் எழுத்துகளோடு அம்புகள் ஓடுகின்றன. ஹெண்டர்சன் எங்கே என்று தேடினால், 'ஐ' எழுத்தின் புள்ளிக்குள் சிறிய முகமாக இருக்கிறார். ஜாக்கி மெக்லீனின் 'இட்ஸ் டைம்' இன்னும் துணிச்சல். உறையின் பெரும்பகுதியை நிறைப்பவை ஆச்சரியக்குறிகள், வரிசை வரிசையாக. பேரைப் பெரிதாகப் போடு, முகத்தைப் பெரிதாகப் போடு என்று வியாபாரம் வற்புறுத்தும் இடத்தில் இப்படிச் செய்ய, வடிவமைப்பாளரின் திறமை மட்டும் போதாது. அதை அச்சுக்கு அனுப்பும் முதலாளியும் வேண்டும்.

அடுத்து, புகைப்படம் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள். படத்தில் இருப்பதைவிட, இல்லாமல் போனது எது என்று கேட்பது பயன் தரும். சானி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்' (1958) உறையில் நியூயார்க் தெருவில் ஒரு பெண் நடக்கிறாள். கால்கள் மட்டுமே தெரிகின்றன. பெண்ணின் உடலைக் காட்டி விற்கும் பழக்கம் இதிலும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வெட்டிய விதத்தால் நடை மட்டும் மிஞ்சி, அந்த நடை தலைப்பு உருப்படியின் வேகமாகிவிடுகிறது. அவசரமும் இல்லை, சோம்பலும் இல்லை. ஜான் கோல்ட்ரேனின் 'புளூ டிரெய்ன்' உறை நேர்மாறு. அவர் வாசிக்கவில்லை. வாத்தியம் கழுத்தில் தொங்க, விரல் உதட்டருகே இருக்க, ஏதோ யோசனையில் இருக்கிறார். வாசிக்கும் படத்தை யாரும் போட்டிருப்பார்கள். அடுத்த சுரத்தைத் தேடும் படத்தைப் போட்டதால்தான் அந்த முகத்தை இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தன் படங்களை மைல்ஸ் இப்படி வெட்டுவது வுல்ஃபுக்கு எப்போதும் பிடித்ததில்லை. எனக்கு இருவர் பக்கமும் நியாயம் தெரிகிறது.

வண்ணத்தைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். பல உறைகளில் கறுப்போடு இன்னொரு வண்ணம்தான் இருக்கும். காசு குறைவு. கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் ஒற்றை வண்ணம் படர்ந்ததும் மனநிலை ஒன்று நிலைத்துவிடுகிறது. முழு வண்ணத்தில் அச்சிட வசதி இருந்திருந்தால் புளூ நோட்டுக்கு இந்த முகம் கிடைத்திருக்காது.

மைல்ஸ் பத்திரிகையிலிருந்து வந்தவர் என்பதால் பத்திரிகைக்கும் இதே கண்ணைப் பயன்படுத்தலாம், ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்து. கடையில் தொங்கும் மாத இதழின் அட்டை, நடந்து போகிறவரை நிறுத்தியாக வேண்டும். அடுத்த மாதம் அதற்கு வேலை இல்லை. இசைத்தட்டின் உறை வருடக்கணக்கில் கைக்கு வந்துகொண்டே இருக்கும், நிதானமாகத் திறந்துகொள்ளலாம். 1968 ஏப்ரல் 'எஸ்குவயர்' அட்டையைத் தேடிப் பாருங்கள். வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் குத்துச்சண்டைப் பட்டத்தைப் பறிகொடுத்த முகம்மது அலி, உடலில் அம்புகள் தைக்க, தலை அண்ணாந்து நிற்கிறார். பழைய ஓவியங்களில் கிறித்தவப் புனிதர் செபாஸ்தியார் நிற்கும் கோலம் அது. ஜார்ஜ் லோயிஸின் கற்பனை, கார்ல் ஃபிஷரின் படம். பின்னணியில் எதுவும் இல்லாததால் கண் தப்பிக்க வழியில்லை.

பத்திரிகையின் உள்ளே போனால் அட்டையில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்: பக்கங்களின் லயம். 1934 முதல் 1958 வரை 'ஹார்ப்பர்ஸ் பஜார்' இதழை வடிவமைத்த அலெக்ஸி பிராடோவிச், பக்கங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, நெரிசலான பக்கத்துக்குப் பின் காலிப் பக்கம், பெரிய படத்துக்குப் பின் சிறிய படம் என்று மாற்றி மாற்றி அடுக்குவார். உங்கள் கையில் இருக்கும் எந்த இதழையும் ஒரு தடவை படிக்காமல் புரட்டுங்கள். எந்தப் பக்கத்தில் கை தானாக நிற்கிறது, அதற்கு முந்தைய பக்கம் எப்படி இருந்தது என்று பாருங்கள். நிறுத்தியது பெரும்பாலும் அந்த முந்தைய பக்கம்தான்.

புளூ நோட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் 'புளூ டிரெய்ன்' தொடங்கி, 'கூல் ஸ்ட்ரட்டின்', 'யூனிட்டி', 'அவுட் டு லஞ்ச்' என்ற வரிசையில் போவது நல்லது. இசையும் அந்த வரிசையில்தான் கடினமாகிறது. செல்போன் திரையில் நகம் அளவுக்குத் தெரிவதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இவை 12 அங்குல எல்.பி. உறைக்காகச் செய்தவை, பழைய இசைத்தட்டுக் கடையிலோ, நண்பர் வீட்டிலோ ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். அது முடியாவிட்டால் கணினித் திரை முழுக்கப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். முதல் உருப்படி முடியும்வரை உறை கண் முன்னால் இருக்கட்டும்.