கொள்கையும் காதலும் மோதும் திரை

காதலுக்குக் குறுக்கே சாதியும் பணமும் நிற்கும் படங்கள் ஏராளம். காதலர்களின் அரசியலே குறுக்கே நிற்கும் படங்கள் குறைவு. கொள்கைப் பிடிப்பும் பிழைக்கும் சூட்சுமமும் மோதும் அந்தப் படங்களில், அரசியலைக் கூசாமல் பேசியவையே காதலையும் ஆழமாகச் சொல்லியிருக்கின்றன.

மைக்கேல் கர்டிஸின் 'காசபிளாங்கா' (1942) எல்லோரும் அறிந்த உதாரணம். ஸ்பெயினில் பாசிசத்தை எதிர்த்துப் போரிட்ட ரிக், இப்போது ஊர்வம்பு வேண்டாமென்று மதுவிடுதி நடத்துகிறான். பழைய காதலி இல்ஸாவைக் கண்டதும் பழைய லட்சியமும் விழித்துக்கொள்கிறது. அவளைப் போராளிக் கணவனோடு விமானத்தில் அனுப்பிவைக்கிறான். நாஜிகள் கண்ணெதிரே நின்றதால் எது சரி என்பதில் அங்கே குழப்பமே இல்லை.

சிட்னி பொல்லாக்கின் 'தி வே வி வேர்' (1973) படத்தில் மோதல் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. கேட்டி கல்லூரி நாளிலிருந்தே இடதுசாரி. அவள் கணவன் ஹபல், ஊரோடு ஒத்துப்போகும் எழுத்தாளன். ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட் வேட்டை தொடங்கியதும் மணவாழ்க்கை ஆட்டம் காண்கிறது. ஆர்தர் லாரன்ட்ஸின் திரைக்கதையில், கேட்டியைப் பழைய நண்பன் ஒருவன் காட்டிக்கொடுப்பான். அவள் மனைவியாக நீடித்தால் ஹபலுக்கு வேலை போய்விடும். முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு இந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். அதனால் ஹபலின் துரோகம்தான் அவர்களைப் பிரித்தது என்ற தோற்றம் உண்டாகிவிட்டது. அரசியலைக் குறைத்ததில் காதலும் சிறுத்துப்போனது. ஆனாலும் கடைசிக் காட்சி தப்பித்தது. நியூயார்க்கின் பிளாசா ஹோட்டல் எதிரே அணுகுண்டு எதிர்ப்புத் துண்டறிக்கை கொடுக்கும் கேட்டி, ஹபலின் நெற்றியில் விழுந்த முடியைக் கையுறைக் கையால் ஒதுக்கிவிடுகிறாள். அன்பு அப்படியே இருக்கிறது, இருவரும் மாறவில்லை.

குல்சாரின் 'ஆந்தி' (1975) பெண் அரசியல்வாதி ஒருத்தியையும், பிரிந்துபோன அவள் கணவரான ஹோட்டல் மேலாளரையும் தேர்தல் பிரச்சாரத்தின் நடுவே சந்திக்கவைக்கிறது. நாயகியிடம் இந்திரா காந்தியின் சாயல் தெரிந்ததால், நெருக்கடிநிலையின்போது தடைசெய்யப்பட்டது.

அந்த நெருக்கடிநிலையையே களமாக்கியது சுதீர் மிஸ்ராவின் 'ஹசாரோன் க்வாஹிஷேன் ஐசி'. வசதியான வீட்டுப் பிள்ளை சித்தார்த் நக்சல்பாரியாகப் பீகார் கிராமங்களுக்குப் போகிறான். காந்தியவாதியின் மகன் விக்ரமோ டெல்லியில் அதிகாரத் தரகனாகிறான். கீதா நேசிப்பது சித்தார்த்தை; விக்ரம் நேசிப்பது கீதாவை. அவளுக்காகச் சித்தார்த்தை மீட்கப் போகும் விக்ரம், போலீஸ் அடியில் மூளை பாதிக்கப்பட்டவனாகிறான். புரட்சி பேசிய சித்தார்த் வெளிநாடு போய்விடுகிறான். கீதா விக்ரமோடு அந்தக் கிராமத்திலேயே தங்கிவிடுகிறாள். பேசியவன் விலக, காதலுக்காக வந்தவர்கள் நிலைக்கிறார்கள்.

இவ்வகையில் நம் நாடு தந்த சிறந்த படம் இதுவே என்பேன். லட்சியவாதியை அது தெய்வமாக்கவில்லை, பிழைக்கத் தெரிந்தவனை வில்லனாக்கவில்லை. இருவர் தேர்வுக்கும் உரிய விலையை நம் கண்முன் வைக்கிறது. அரசியலை வெறும் பின்னணிச் சீலையாகத் தொங்கவிடும் இயக்குநர்கள் இதை ஒருமுறை ஊன்றிப் பார்க்க வேண்டும்.