தாலாட்டும் துயிலாக் குழவியும்

தால் என்பது நா. அதனை அசைத்துப் பாடுதலின் தாலாட்டு ஆயிற்று என்பர். இவ்விளக்கம் பாடுவாளை நினைக்கிறது. கேட்கும் குழவியை மறந்துவிடுகிறது. அக்குழவி கண்ணயர மறுத்துத் துள்ளுமாயின் பாட்டு என் செய்யும்?

பெரியாழ்வார் இதனை நன்கறிந்தவர். அவர்தம் திருமொழியின் முதற்பதிகத்திலேயே, தொட்டிலில் இட்டாலும் இடுப்பில் ஏந்தினாலும் அடங்காத பிள்ளையால் தன் வலி குன்றியதெனத் தாய் முறையிடுகின்றாள். தாலாட்டுப் பதிகமோ மூன்றாவதாகவே வருகிறது. களைப்பு முன்னும் பாட்டுப் பின்னுமாக நிற்கும் இவ்வைப்பு கருதத்தக்கது. தேவர் விடுத்த அணிகலன்களை அடுக்கி, பாட்டுதோறும் ‘தாலேலோ’ என்றே முடித்தல் கூறியது கூறலாகத் தோன்றலாம். அங்ஙனம் கருதுவார் ஏட்டில் பயின்றவரேயன்றித் தொட்டிற்கயிறு பிடித்தவரல்லர். புதுமை விழிப்பைத் தூண்டும். எதிர்பார்த்த சொல் எதிர்பார்த்த இடத்தில் வருதலே துயிலுக்கு வழி.

குலசேகரர் நெறி வேறு. திருக்கண்ணபுரத்து இராமனைத் தாலாட்டுங்கால் தாடகையை வென்றமை முதலாய பிற்காலச் செயல்களையே அவர் பாடுகிறார். அழகிய பாடல்களே, ஆயினும் தொட்டிலில் கிடப்பவன் வில்வீரன், குழவியல்லன். பிள்ளைத்தமிழின் தாலப்பருவம் பெரும்பாலும் இவ்வழியே சென்றமையால் உதைக்கும் கால்கள் ஏட்டினின்று மறைந்தன.

அக்கால்களை வாய்மொழிப் பாடலிலேயே தேடுதல் வேண்டும். தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். அன்ன மலையூர்களில் தாலாட்டுத் தொகுப்போர் சொற்களை மட்டும் எழுதிவருதல் போதாது. பாட்டு எங்கே தேய்ந்து வெறும் இசையாயிற்று, குழவி எவ்வடியில் அடங்கிற்று என்பனவும் ஏட்டில் ஏறுதல் வேண்டும்.